நாளைய ஆட்டக்காரரை இன்று எடைபோடுதல்

வட அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் ஜூலையில் இந்த அணிகள் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. இந்தத் தேர்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். ஐபிஎல் ஏலத்தில் இருப்பதுபோல விலைகேட்டு ஏற்றிக்கொண்டே போவது இங்கே கிடையாது. முறை வந்த அணி ஒரு பெயரைச் சொன்னால், அந்த இளைஞருடன் ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டுமே. 20 சுற்றுகளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இப்படித் தேர்வாகிறார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பல மாத, சில சமயம் பல ஆண்டு மதிப்பீடு இருக்கிறது.

பணக்கார அணிகள் திறமைசாலிகளை எல்லாம் வாங்கிக் குவிப்பதைத் தடுக்கவே 1965இல் டிராஃப்ட் கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டு முதல் பெயராக, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிக் மண்டேயை கான்சாஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் அணி எடுத்தது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை என்பதே அடிப்படை விதி. 2023 முதல், முதல் ஆறு இடங்கள் குலுக்கல் மூலம் முடிவாகின்றன. அமெரிக்கா, கனடா, புவெர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் வசிப்பவர்கள் அல்லது படிப்பவர்களே டிராஃப்டில் இடம்பெற முடியும். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், நான்காண்டுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முடித்தவர்கள் அல்லது 21 வயதானவர்கள், ஈராண்டுக் கல்லூரி மாணவர்கள் ஆகியோர் தகுதி பெறுகிறார்கள்.

தேர்வானவர் மறுநாளே பெரிய மைதானத்தில் இறங்கிவிடுவதில்லை. பெரும்பாலோர் மைனர் லீக் எனப்படும் கீழ்நிலை லீக்குகளில் சில ஆண்டுகள் ஆடித் தேறிய பிறகே மேஜர் லீக் வாசலை எட்டுகிறார்கள். பலர் எட்டுவதே இல்லை. ஆகவே மதிப்பீட்டாளர் முன்னுள்ள கேள்வி, இந்தப் பையன் இன்று எப்படி ஆடுகிறான் என்பதல்ல. 18 வயதில் இருப்பவன் 24 வயதில், உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு எதிரே எப்படி ஆடுவான் என்பதுதான். மதிப்பீட்டு முறைகள் அனைத்தும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

யார் பார்க்கிறார்கள்?

ஒவ்வொரு அணியும் நாட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு ஸ்கவுட் (திறமை தேடுபவர்) வீதம் அமர்த்துகிறது. பகுதி ஸ்கவுட் ஊர் ஊராகக் கார் ஓட்டிச் சென்று பள்ளி ஆட்டம், கல்லூரி ஆட்டம், பயிற்சி என எதையும் விடாமல் பார்ப்பவர். பையனின் பெற்றோரையும் பயிற்சியாளரையும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் பரிந்துரைக்கும் வீரர்களை அடுத்த நிலையில் உள்ள மூத்த ஸ்கவுட்டுகள் நேரில் வந்து பார்க்கிறார்கள். பல பகுதிகளின் வீரர்களையும் பார்ப்பதால், டெக்சாஸில் ஒரு பகுதி ஸ்கவுட் சிறந்தவர் என்று சொல்பவரையும் ஓஹையோவில் இன்னொருவர் சிறந்தவர் என்று சொல்பவரையும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிட அவர்களால் முடியும். கடைசியில் எல்லா அறிக்கைகளும் ஸ்கவுட்டிங் இயக்குநரிடம் சேருகின்றன. அணியின் தரவரிசைப் பட்டியலுக்குப் பொறுப்பு அவரே.

20 முதல் 80 வரை

இந்தத் துறையின் பொது மொழி ஓர் எண் அளவுகோல். அது 20இல் தொடங்கி 80இல் முடிகிறது. இதை உருவாக்கியவர் பிராஞ்ச் ரிக்கி என்று சொல்லப்படுகிறது. கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்து மேஜர் லீக்கில் நிறவேலியை உடைத்த அணி நிர்வாகி அவர். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 60 நல்ல திறன், 70 அபூர்வம், 80 என்பது ஒரு தலைமுறையில் சிலருக்கே கிடைக்கும் மதிப்பெண். சராசரி என்று கேட்டவுடன் குறைவாக நினைத்துவிடக் கூடாது. எல்லாத் திறனிலும் 50 பெறும் இளைஞர் மேஜர் லீக்கில் அன்றாடம் ஆடக்கூடியவர். அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதே பெரிய வெற்றி.

பேட்டரிடம் ஐந்து திறன்கள் அளக்கப்படுகின்றன: பந்தைத் தவறவிடாமல் அடித்தல், அடியின் வலிமை, ஓட்டம், எறிதல், ஃபீல்டிங். ஒவ்வொன்றுக்கும் இன்றைய நிலைக்கு ஓர் எண், எதிர்கால நிலைக்கு ஓர் எண் என இரண்டு எண்கள் இடப்படும். பள்ளி மாணவன் ஒருவனின் அறிக்கையில் அடி வலிமைக்கு நேரே 30, 60 என்று எழுதியிருந்தால், இன்று அவன் அடிக்கும் பந்து வேலியைத் தாண்டுவது அரிது, உடல் முற்றியபின் தாராளமாகத் தாண்டும் என்று பொருள். இந்த 30க்கும் 60க்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் ஸ்கவுட்டின் அனுபவம் முழுவதும் இருக்கிறது. அகன்ற தோள், நீண்ட கை கால்கள், மட்டை சுழலும் வேகம், பயிற்சியில் பந்து எழும்பிச் செல்லும் விதம், தகப்பனின் உடற்கட்டு என்று பலவற்றையும் கூட்டிப் பார்த்தே இரண்டாவது எண் எழுதப்படுகிறது.

சில திறன்களைக் கடிகாரமே சொல்லிவிடும். பேட்டர் பந்தை அடித்த நொடியில் ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்குகிறது. 90 அடி தள்ளியுள்ள முதல் பேஸில், அதாவது அவர் ஓடித் தொட வேண்டிய முதல் இடத்தில், கால் பட்டதும் நிற்கிறது. வலக்கை பேட்டருக்குச் சுமார் 4.3 நொடி சராசரி. இடக்கை பேட்டர் முதல் பேஸுக்குச் சில அடி நெருக்கமாக நிற்பதால் அவருக்கு 4.2. பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் பந்தைப் பிடித்ததிலிருந்து, அவர் எறியும் பந்து இரண்டாம் பேஸில் நிற்பவரின் கையுறையை அடையும்வரை இன்னொரு கணக்கு. இடைவெளி 127 அடிக்குச் சற்று மேல். 2 நொடி என்பது சராசரியை ஒட்டியது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால்கூட, அடி விழும் முன்பே அடுத்த பேஸைத் திருட ஓடுபவர் ஆட்டமிழக்க வாய்ப்பு கூடுகிறது.

ஆடும் இடத்தையும் சேர்த்தே மதிப்பெண் எடைபோடப்படுகிறது. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்), கேட்சர், நடு வெளிக்களம் ஆகிய இடங்களில் ஃபீல்டிங் கடினம் என்பதால் சராசரி பேட்டிங்கும் அங்கே மதிப்புப் பெறும். முதல் பேஸில் நிற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் பலமாக அடித்தே ஆக வேண்டும்.

கணிக்கக் கடினமானது

ஐந்து திறன்களில் பந்தைத் தவறவிடாமல் அடிப்பதை முன்கூட்டிக் கணிப்பதே மிகக் கடினம். மேஜர் லீக் ஃபாஸ்ட்பால் சராசரியாக மணிக்குச் சுமார் 94 மைல், அதாவது 151 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அது பேட்டரை அடைய ஒரு நொடியில் பாதிகூட ஆவதில்லை. சிற்றூர்ப் பள்ளி அணிகளுக்கு எதிரே ஆடும் மாணவன் அந்த வேகத்தைப் பருவம் முழுவதும் ஒருமுறைகூடச் சந்திக்காமல் போகலாம். அவன் அடித்துக் குவித்த எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எதிராளியின் தரம் தெரியாமல் அதற்கு மதிப்பில்லை.

மட்டையும் ஒரு சிக்கல். பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் உலோக மட்டை அனுமதிக்கப்படுகிறது. தொழில்முறை ஆட்டத்தில் மரமட்டை மட்டுமே. கைப்பிடியருகே பட்ட பந்துகூட உலோக மட்டையில் சில நேரம் உட்களத்தைத் தாண்டி விழும். அதே அடியில் மரமட்டை முறிந்துபோகும். இதனால்தான் மாசசூசெட்ஸில் கோடைகாலத்தில் நடக்கும் கேப் காட் லீக்குக்கு இவ்வளவு மதிப்பு. நாட்டின் முன்னணிக் கல்லூரி வீரர்கள் அங்கே மரமட்டை பிடித்து, தமக்கு நிகரான பிட்சர்களை, அதாவது பந்து வீசுபவர்களை, சந்திக்கிறார்கள். அங்கே ஒரு கோடையில் நன்றாக அடித்தவரின் இடம் பட்டியலில் ஏறுவது வழக்கம்.

பிட்சரை அளத்தல்

பிட்சருக்கு ஃபாஸ்ட்பால், கர்வ்பால், ஸ்லைடர், சேஞ்ச்அப் என்று வீசும் ஒவ்வொரு பந்து வகைக்கும் தனி மதிப்பெண். நினைத்த இடத்தில் பந்தை இறக்கும் கட்டுப்பாட்டுக்கு இன்னொன்று. 1970களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேனி லிட்வைலர், போலீஸார் கார்களின் வேகத்தை அளக்கும் ரேடார் கருவியைப் பந்து வேகத்துக்குப் பயன்படுத்திக் காட்டினார். அன்றிலிருந்து ரேடார் துப்பாக்கி ஸ்கவுட்டின் கையை விட்டு அகலவில்லை.

இப்போது வேகம் மட்டும் போதாது. கோல்ஃப் ஆட்டத்துக்காக டென்மார்க்கில் உருவான டிராக்மேன் ரேடார், பந்து நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது, எந்த அச்சில் சுழல்கிறது, எவ்வளவு விலகுகிறது என்பதையெல்லாம் சொல்லிவிடுகிறது. மேஜர் லீக் ஃபாஸ்ட்பால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,300 முறை சுழல்கிறது. பின்சுழற்சி அதிகமான பந்து பேட்டர் எதிர்பார்க்கும் அளவுக்குத் தாழ்வதில்லை. மட்டை அதன் அடியில் வீணாகச் சுழல்கிறது. மணிக்கு 92 மைலில் வீசும் ஒருவர் 95 மைல்காரரைவிட அதிகம் பேரை ஆட்டமிழக்கச் செய்வதற்கு இது ஒரு காரணம். பேட்டர்களுக்கும் மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம், அதன் கோணம், அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே போகும் பந்துகளை எத்தனை முறை துரத்தினார் என்ற கணக்குகள் இருக்கின்றன.

கருவிகள் வந்ததும் கண்ணுக்கு வேலை போய்விடவில்லை. 2003இல் வெளிவந்த மைக்கேல் லூயிஸின் 'மனிபால்' நூல், புள்ளிவிவரத்தையும் ஸ்கவுட்டையும் எதிரெதிரே நிறுத்தியது. அதன் நாயகரான அணி நிர்வாகி பில்லி பீன், 1980இல் முதல் சுற்றில் நியூயார்க் மெட்ஸ் எடுத்த இளைஞர். திறன்கள் எல்லாம் வாய்த்தும் மேஜர் லீக்கில் நிலைக்காதவர் என்பதால், தோற்றத்தை நம்பித் தேர்ந்தெடுப்பதன் ஆபத்தை அவர் நன்றாக அறிந்திருந்தார். இன்று எல்லா அணிகளும் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. பந்து என்ன செய்தது என்பதைக் கருவி துல்லியமாகச் சொல்கிறது. மூன்று பேர் பேஸில் நிற்கும்போது பிட்சர் தடுமாறினாரா, ஆட்டமிழந்து திரும்பியவர் அடுத்த முறை எதை மாற்றிக்கொண்டார், சக வீரர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பவற்றை நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

உடல், மனம், பணம்

பிட்சரின் முழங்கையும் தோளும் மதிப்பீட்டின் மிகப் பெரிய நிச்சயமின்மை. இதற்குக் குமார் ராக்கரின் கதையே எடுத்துக்காட்டு. இந்திய வம்சாவளித் தாய்க்குப் பிறந்த ராக்கர், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக 2019 ஜூனில் டியூக் அணிக்கு எதிராக எவரையும் அடித்துப் பேஸை எட்டவிடாமல் (ஒரு ஹிட்டும் கொடுக்காமல்) 19 பேரை ஸ்டிரைக்-அவுட் முறையில் ஆட்டமிழக்கச் செய்தார். 2021இல் மெட்ஸ் அவரை 10ஆவது இடத்தில் எடுத்து 60 லட்சம் டாலருக்கு உடன்பட்டது. பின்னர் நடந்த மருத்துவப் பரிசோதனையின் முடிவைக் கண்டு ஒப்பந்தத்தைக் கைவிட்டது. தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ராக்கர், ஒரு சிறிய லீக்கில் ஆடித் தன்னை நிரூபித்தார். 2022இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது பெயராக அவரை எடுத்தது. 2024 செப்டம்பரில் மேஜர் லீக்கில் அறிமுகமானார். ஒரே இளைஞரின் உடலை இரண்டு அணிகள் வெவ்வேறாக எடைபோட்டன. 2022இல் வந்த விதிப்படி, டிராஃப்டுக்கு முன்பே மருத்துவப் பரிசோதனைக்கு உடன்படும் முன்னணி வீரருக்கு, தேர்வான இடத்துக்குரிய தொகையில் குறைந்தது 75 சதவீதமாவது அணி தர முன்வர வேண்டும்.

வயது இன்னொரு கணக்கு. ஒரே வகுப்பில் படிக்கும் இருவரில் ஒருவர் ஓராண்டு இளையவராக இருந்து, சமமாக ஆடினால், வளர இடம் அதிகமுள்ளவர் இளையவரே. குணம் அடுத்தது. மைனர் லீக் வாழ்க்கை நெடும் பேருந்துப் பயணங்களும் தோல்விகளும் நிறைந்தது. பள்ளியில் தோல்வியே அறியாதவன் முதல் சரிவை எப்படித் தாங்குவான் என்பதை ஸ்கவுட் பயிற்சியாளரிடமும் ஆசிரியரிடமும் கேட்டு அறிகிறார்.

பணம் இவை அனைத்தோடும் பின்னிக் கிடக்கிறது. 2012 முதல் ஒவ்வொரு அணிக்கும் ஒப்பந்தத் தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. அதை 5 சதவீதத்துக்கு மேல் மீறினால் வருங்கால முதல் சுற்றுத் தேர்வை இழக்க நேரும். கல்லூரியில் இடம் உறுதியான பள்ளி மாணவன், தொகை போதாதென்றால் படிக்கப் போய்விடுவான். எனவே எவ்வளவு கொடுத்தால் கையெழுத்திடுவார் என்பதும் அறிக்கையில் இடம்பெறுகிறது. 2012இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், கார்லோஸ் கொரியாவை முதலிடத்தில் எடுத்து அந்த இடத்துக்குரிய தொகையைவிடக் குறைவாக 48 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. மிச்சப்பட்ட பணத்தில், 41ஆவது இடத்தில் எடுத்த லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஜூனியரைக் கல்லூரிக்குப் போகவிடாமல் சேர்த்துக்கொண்டது. இருவருமே மேஜர் லீக்கில் நிலைபெற்றார்கள்.

கணிப்பும் விளைவும்

இவ்வளவுக்குப் பிறகும் கணிப்பு தவறுகிறது. 1991இல் யாங்கீஸ் முதலிடத்தில் எடுத்த பிரையன் டெய்லர், தோள் காயத்தால் மேஜர் லீக்கில் ஒரு பந்தும் வீசாமல் ஒதுங்கினார். 1988இல் 62ஆவது சுற்றில், 1,390ஆவது பெயராக எடுக்கப்பட்ட மைக் பியாசா 427 ஹோம் ரன்கள் அடித்து, 2016இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். 703 ஹோம் ரன்கள் அடித்த ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999இல் 402ஆவது பெயர். 2009இல் மைக் டிரவுட்டுக்கு முன்னால் 24 பெயர்கள் சொல்லப்பட்டன. அவர் ஆடிய நியூ ஜெர்சியின் குளிரில் பள்ளிப் பருவம் தாமதமாகத் தொடங்கும். எதிரணிகளின் தரத்திலும் பலருக்கு ஐயம் இருந்தது. அப்போது 17 வயதே ஆகியிருந்த டிரவுட் பின்னாளில் மூன்று முறை லீக்கின் மிக மதிப்புமிக்க வீரரானார். மறுபக்கமும் உண்டு: 2023இல் பிட்ஸ்பர்க் முதலிடத்தில் எடுத்த பால் ஸ்கீன்ஸ் ஓராண்டுக்குள் மேஜர் லீக்கை எட்டி, 2024இன் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றார்.

ஆகவே அணிகள் பழைய அறிக்கைகளைத் தூக்கி எறிவதில்லை. யாருடைய 60 உண்மையில் 60 ஆனது, எந்தப் பகுதி ஸ்கவுட் வேகத்துக்கு மயங்கிக் கட்டுப்பாட்டை மறந்தார், குளிர் மாநில மாணவர்கள் எத்தனை பேர் தவறவிடப்பட்டார்கள் என்று ஆண்டுகள் கழித்து விளைவோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஓர் இளைஞரின் எதிர்காலத்தை முழுமையாக அறிய எந்த முறையாலும் முடியாது. நேரில் கண்டது, கருவி அளந்தது, மருத்துவர் சொன்னது, குடும்பத்திடம் கேட்டறிந்தது ஆகிய நான்கையும் நேர்மையாக எழுதிவைத்து, பிழையை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ளும் அணிக்கே அடுத்த ஜூலையில் கணிப்பு சற்றுக் கூடுதலாகப் பலிக்கிறது.