ஜனவரியில் விளக்கு எரிகிற வீடுகள்

இங்கிலாந்தின் தென்மேற்கு நுனியில், கார்ன்வாலில், பென்சான்ஸ் நகரிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது மௌசல் என்ற மீனவக் கிராமம். இரண்டு கற்சுவர்கள் அணைத்து நிற்கும் சின்னத் துறைமுகம், குறுகிய சந்துகள், நெருக்கியடித்த கருங்கல் வீடுகள். ஜூலை, ஆகஸ்டில் கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. இப்படிப்பட்ட ஊர்களைக் கோடைக்கூட்டம் கெடுத்துவிட்டது என்று புலம்புவது வழக்கம். மௌசலின் வரலாற்றைப் பார்த்தால் அந்தப் புலம்பல் ஆள் மாறிப் போகிறது என்று தோன்றுகிறது. ஆகஸ்டில் வருகிறவரை ஊர் தாங்கும். ஜனவரியில் பூட்டிக் கிடக்கும் வீட்டைத்தான் தாங்காது.

இந்த ஊரைப் பல தலைமுறைகளாக வாழவைத்தது நம் ஊர் மத்தி போன்ற பில்ச்சர்ட் மீன். 1852-ல் பென்சான்ஸுக்கு ரயில் வந்தது. 1859-ல் டாமர் ஆற்றின் மேல் பாலம் எழுந்ததும் இருப்புப்பாதை கார்ன்வாலைத் தாண்டி நீண்டது. லண்டன் சந்தைக்கு மீன் ஏற்றிச் சென்ற ரயில்தான் விடுமுறைக்காரர்களையும் கொண்டுவந்து இறக்கியது. மீன்பாடு குறையக் குறைய, அந்தப் பயணிகள்தான் ஊருக்குச் சோறு போட்டார்கள். அதை மறைத்துவிட்டுச் சுற்றுலாவைத் திட்டுவது நேர்மையல்ல.

ஆனால் கடலோர ஊருக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டு. மௌசலில் அந்த மாதங்களில் துறைமுக வாயிலைக் கனத்த மரக்கட்டைகளை அடுக்கி அடைக்கிறார்கள். இல்லையென்றால் புயல் அலை உள்ளே புகுந்துவிடும். 1981 டிசம்பர் 19 இரவு, இயந்திரம் நின்றுபோன யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பல் பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. அலைகள் 18 மீட்டர்வரை எழுந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கடலில், மௌசலைச் சேர்ந்த எட்டுத் தன்னார்வலர்கள் சாலமன் பிரவுன் என்ற மீட்புப் படகை இறக்கினார்கள். நான்கு பேரை ஏற்றிவிட்டோம் என்று வானொலியில் செய்தி வந்தது; பிறகு தொடர்பு அறுந்தது. கப்பலில் இருந்த எட்டுப் பேரும் படகில் போன எட்டுப் பேரும் இறந்தார்கள். ஒரு நாளுக்குள்ளேயே புதிய படகுக்குழுவுக்குப் போதுமான ஆட்கள் முன்வந்தார்கள். இந்தக் கதையை வீரத்துக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு கணக்கு: டிசம்பர் இரவில் அழைத்தால் சில நிமிடங்களில் ஓடிவரும் தூரத்தில் இளைஞர்கள் குடியிருந்தார்கள். மீனவர் வீடு லண்டன் சம்பளக்காரரின் விலைக்குப் போகும்போது, கார்ன்வால் கூலி வாங்கும் இளைஞர் உள்நாட்டுப் பக்கம் நகர்கிறார். மீட்புப் படகும் இன்று பக்கத்து நியூலின் துறைமுகத்தில் நிற்கிறது. பெரிய படகுக்கு அங்கேதான் வசதி. அந்தப் பழியை விடுமுறை வீடுகள்மேல் போட முடியாது. ஆனாலும் எந்தத் துறையில் நின்றாலும் படகுக்கு ஆள் வேண்டும்.

விற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள்தானே, வாங்கியவர்கள் இடியவிருந்த வீடுகளைச் செப்பனிட்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான். விற்றவருக்குப் பணம் கிடைத்தது, சுவரும் நின்றது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி காலியாக இருக்கும் வீடு பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாது, பிப்ரவரியில் கடையில் ரொட்டி வாங்காது. விடுதியில் ஒரு வாரம் தங்கிச் செல்பவரையும் இந்த உரிமையாளரையும் ஒரே தட்டில் வைப்பதுதான் குழப்பத்தின் வேர். 1963 முதல் மௌசல் துறைமுகத்தில் கிறிஸ்துமஸ் விளக்குகள் ஏற்றுகிறார்கள். அதைப் பார்க்கக் கடுங்குளிரிலும் கூட்டம் வருகிறது, கடைகள் பிழைக்கின்றன. விருந்தாளியை வரவழைக்கவே, விளக்குக் கட்ட ஊரில் ஆள் இருக்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தால் என்ன செய்யலாம்? அதே கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் 2016-ல் நடந்த வாக்கெடுப்பில், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே என்ற விதிக்கு வாக்களித்தவர்களில் 83 சதவீதம் பேர் ஆதரவு தந்தார்கள். பொருளாதார அறிஞர்கள் சிலர் இதைக் குறை சொன்னார்கள்: விடுமுறை வீடு தேடுகிறவர் பழைய வீடுகளின் பக்கம் திரும்புவார், கட்டுமானமும் குறையும் என்று. அந்தக் குறை நியாயமானது. மௌசலில் எல்லோரும் விரும்புவதே பழைய வீடுகளைத்தான். அங்கே இந்த விதியால் பெரிய பயன் இராது. 2025 ஏப்ரல் முதல் கார்ன்வால் நிர்வாகம் இரண்டாவது வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்கியிருக்கிறது. இது பழைய வீட்டையும் தொடுவதால் எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருகிறது. வசதியுள்ளவர் கட்டிவிட்டுப் போவார் என்பது சரிதான். அந்தப் பணம் உள்ளூர்க்காரர்களுக்கான வாடகை வீடுகளுக்குச் செலவானால் பாதிப் பிரச்சினை தீரும். வேறு சிலர் வீட்டை விடுமுறை வாடகைத் தொழிலாகப் பதிவு செய்து இந்த வரியிலிருந்து விலகுவார்கள். அதற்கு இங்கிலாந்தில் ஆண்டுக்கு 70 நாளாவது உண்மையில் வாடகைக்கு விட்டிருக்க வேண்டும். பயணிக்கு அது நல்லது. குடியிருக்க வீடு தேடும் மௌசல் இளைஞருக்கு அதனால் ஒரு கதவும் திறக்காது.