தூசிக்கும் சாதி உண்டு

நினைவுச் சொற்பொழிவில் இலக்கியம் பேசுவது வழக்கம். நெடுங்காட்டில் இன்று நான் நுரையீரலைப் பற்றிப் பேசுகிறேன். நம் வரலாற்றில் ஒரு பகுதி ஏடேறாமல் அங்கேயே தங்கிவிட்டது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து நம் மக்கள் அங்கே போனார்கள். பண்ணை அடிமைத்தனத்திலிருந்து தப்ப அது ஒரு வழி. அயோத்திதாசரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதும், அப்பாதுரையார் இயங்கியதும் அந்த மண்ணில்தான். சுயமரியாதை கிடைத்த அதே இடத்தில் சிலிக்கோசிஸும் கிடைத்தது.

தங்கம் வெண்கல் பாறையில் இருக்கிறது. அதைத் துளையிட்டால் பறக்கும் தூசி சிலிக்கா. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், இருமினால் வெளியேறும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்தான் நுரையீரலின் காற்றறைவரை போகிறது. அதை விழுங்கும் பாதுகாப்பு அணுக்கள் செத்துப்போகின்றன. அந்த இடம் புண்ணாகித் தழும்பாக இறுகுகிறது. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரும். குணப்படுத்த மருந்து இல்லை. தண்ணீர் பீய்ச்சித் துளையிட்டும் காற்றோட்டம் அமைத்தும் தடுக்க முடியும்.

நிலக்கரி, கல்நார் தூசிகளும் நுரையீரலில் தழும்பை உண்டாக்குபவை. பஞ்சுத் தூசி மூச்சுக்குழாயைச் சுருக்கும்; விடுமுறை முடிந்து மில்லுக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகும்.

சிலிக்கோசிஸ் காசநோயைப் போலவே இருமலும் இளைப்புமாக வரும். காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும். ஆகவே பலருக்கும் 'டிபி' என்றே சீட்டு எழுதப்படுகிறது. இந்தப் பெயர் மாற்றத்தில்தான் அரசியல் இருக்கிறது. டிபி என்றால் கிருமியின் குற்றம்; சிலிக்கோசிஸ் என்றால் முதலாளியின் பொறுப்பு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், இதைக் கண்டறியும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இது இருந்தது. டிபி என்று எழுதிவிட்டதால் இரண்டும் கைக்கு எட்டாமல் போயின.

குஜராத்தின் கோத்ரா கல் அரவை ஆலைகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பி இறந்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்க 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இறந்தவர்கள் ஆதிவாசிகள். அமெரிக்காவில் 1930-இல் தொடங்கிய ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையில் சிலிக்கா தின்று மாண்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். காற்று எல்லோருக்கும் பொது; தூசி மட்டும் ஆள் பார்த்துத்தான் போகிறது.

கோலார் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகளின் தூசி இன்றும் அந்த ஊர்மேல் பறக்கிறது.

1700-இல் இத்தாலிய மருத்துவர் ரமாஸினி, நோயாளியிடம் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றைச் சொன்னார்: நீ என்ன வேலை செய்கிறாய்? கல்லுடைத்தவர், மில்லில் உழைத்தவர், துறைமுகத்தில் கரி அள்ளியவர் நம் தெருவிலும் இருப்பார்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நாம் சொல்லுவோம். எந்த வேலை, எத்தனை ஆண்டு என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லி நிற்போம். அந்த ஒரு வரிதான் நாளைக்குச் சாட்சி.