ஜெர்மனி கொடுத்த விலை

உலகத்தின் நிலக்கரியில் பாதிக்கு மேல் சீன தேசமே எரித்துவருகையில், உலகப் புகையில் ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கையே வெளியிடும் ஜெர்மனி சிரமப்பட்டு அதைக் குறைப்பதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களின் கணக்கு, கூட்டல் கழித்தல் அளவில் பிழையற்றதுதான்; ஆனால் அது புகையை மட்டுமே எண்ணுகிறது. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனி இயற்றிய சட்டம், சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்துத் தருபவர், வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பதித்த சாமானியராயினும் சரி, அவருக்கு 20 வருஷ காலம் நிச்சயமான விலை கிடைக்கும் என்று உத்தரவாதம் அளித்தது. வெயில் சொற்பமான நாட்டுக்கு இது வீண் ஆடம்பரம் என்று பரிகசித்தோர் உண்டு. செலவு ஜனங்களின் மின்கட்டணத்தில் ஏறியதும் உண்மையே. ஆயினும், அந்த உத்தரவாதத்தால் தகடுகளுக்கு எழுந்த கிராக்கியை நம்பிச் சீனத்தில் பெருந்தொழிற்சாலைகள் எழுந்து, உற்பத்தி பெருகப் பெருக, 2010க்குப் பிந்தைய பத்தாண்டில் தகட்டின் விலை நூற்றுக்கு 90 பங்கு அளவுக்கு வீழ்ந்தது. விளைவு விசித்திரமானது: இன்றும் புதிய நிலக்கரி நிலையங்களைக் கட்டும் அதே சீனம், 2023இல் 200 கிகாவாட்டுக்கு மேல் சூரிய மின்திறனையும் நிறுவியது; மின்கட்டணம் தாங்காத பாகிஸ்தானியக் குடும்பங்கள், எந்தச் சர்வதேச ஒப்பந்தத்தையும் நினையாமல், 2024இல் அத்தகடுகளைத் தம் கூரைகளில் ஏற்றின.