மண உறுதிப் படமும் கொல்கத்தா மாநகரும்

முன்னாளில் மணமக்கள் படம் என்றால் அது புகைப்பட நிலையத்தில்தான் எடுக்கப்படும். பின்னே வண்ணம் தீட்டிய திரைச்சீலை ஒன்று தொங்கும். அதில் ஏரியும் அன்னமும் இருக்கும். அல்லது மாடிப்படியும் தூணும் இருக்கும். மணமகன் நாற்காலியில் அமர்ந்திருப்பான். மணமகள் பக்கத்தில் நிற்பாள். கொல்கத்தாவில் 1860-களில் தொடங்கி, ஒன்றரை நூற்றாண்டு புகழோடு நடந்த போர்ன் அண்டு செப்பர்டு நிலையம் 2016-ல் மூடப்பட்டது. திரைச்சீலைக் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

இன்றோ வழக்கம் மாறிவிட்டது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, மணமக்களாகப் போகும் இருவரும் ஊரில் உள்ள அழகிய இடங்களுக்குச் சென்று படம் எடுத்துக்கொள்கின்றனர். இந்நகரில் ஆராய்ச்சி செய்யும் நம் நண்பர்கள் பலருக்கும் இந்த ஆசை உண்டு. பெண் தன் அண்ணனுடனோ அத்தையுடனோ ஊரிலிருந்து வருவாள். இரண்டு நாள் தங்குவாள். அந்த இரண்டு நாளுக்குள் படம் எடுத்தாக வேண்டும். உதவித்தொகையில் வாழும் மாணவனுக்குப் பணமும் அளவோடுதான் இருக்கும். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டான செயல் அன்று. தவறினால் பணம் போகும், நாள் போகும், புதிதாக உறவு கொண்டாட வந்தவர் முன்னிலையில் தலைகுனிவும் நேரும்.

எவ்விடம் நல்லது என்று கேட்போர், பிறர் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு அவ்விடங்களையே நாடுகின்றனர். அது பழைய திரைச்சீலையை மீண்டும் கட்டித் தொங்கவிடுவது போன்றது. இந்நகரம் மக்கள் வாழும் ஊர்; வரலாறு உடைய ஊர். இங்கே ஓர் இடத்தைத் தேர்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டல் வேண்டும். அங்கு ஒளி எப்போது வரும்? அவ்விடம் யாருடையது? அங்கு உழைப்பவர் யார்? அவ்விடத்துக்கும் நமக்கும் என்ன உறவு?

1. ஒளி எப்போது வரும்?

நம்மவர் பலர் சென்னைக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மாலை ஐந்து மணிக்குப் புறப்படுகின்றனர். அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. இந்தியா முழுவதும் கடிகாரம் ஒன்றே. ஆனால் கதிரவன் ஒரே நேரத்தில் எங்கும் தோன்றுவதில்லை. கொல்கத்தா சென்னைக்கு எட்டுப் பாகை கிழக்கே உள்ளது. வடக்கேயும் தள்ளி உள்ளது. அதனால் டிசம்பர் நடுவில் சென்னையில் கதிரவன் மறைவது ஏறத்தாழ 5.45 மணிக்கு; கொல்கத்தாவில் 4.55 மணிக்கே மறைந்துவிடும். மாலையின் பொன்னொளி வேண்டுவோர் மூன்றரை மணிக்கே உரிய இடத்தில் நிற்க வேண்டும். ஜூன் மாதத்திலோ காலை ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும்.

அடுத்தது திசை. ஊக்ளி ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. கொல்கத்தா அதன் கிழக்குக் கரையில் உள்ளது. ஹவுரா மேற்குக் கரையில் உள்ளது. மெரினாவில் நீரின்மேல் உதயத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இங்கே நீரின்மேல் காணக் கிடைப்பது அத்தமனம். கொல்கத்தாக் கரையில் உள்ள படித்துறைகளுக்கு மாலையில் செல்க. ஆற்றின்மேல் உதயம் வேண்டுமாயின் படகேறி ஹவுராக் கரைக்குச் செல்க.

வெண்பளிங்கு மாளிகையான விக்டோரியா நினைவகத்தை எல்லாரும் விரும்புவர். 1906-ல் அடிக்கல் நாட்டப்பெற்று 1921-ல் திறக்கப்பட்ட கட்டடம் அது. அதன் முகப்பு வடக்கு நோக்கியது. குளிர்காலத்தில் கதிரவன் தென்வானத்திலேயே செல்வதால், அந்த முகப்பில் நேர்வெயில் விழாது; நிழலே இருக்கும். முகத்தில் மென்மையான ஒளி வேண்டுவோர்க்கு அது நல்லதுதான். பளிங்கு ஒளிவிட வேண்டும் என்று நினைப்போர் தெற்குப் பக்கம் செல்க.

இங்கே மற்றொன்றும் சொல்ல வேண்டும். பின்னே பெரிய வெண்சுவர் இருந்தால், தானாக அளவெடுக்கும் கருவி ஏமாந்துவிடும். காட்சி முழுவதும் மிக வெளிச்சம் என்று எண்ணி ஒளியைக் குறைக்கும், முகங்கள் இருண்டுவிடும். முகத்தை அளந்து ஒளி வைக்குமாறு படம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். படம் இருண்டபின் அதைச் சரிசெய்கிறேன் என்று சொல்லி, நம் கருநிற முகங்களை அடையாளம் தெரியாதபடி வெளுக்கச் செய்வோர் உண்டு. அதை வேண்டா என்று முன்னரே சொல்லிவிடுதல் நலம். மாநிறப் பெண்ணை மணக்க விரும்பி, வெண்ணிறப் பெண்ணின் படத்தை வீட்டில் மாட்டுவானேன்?

பருவத்தையும் எண்ண வேண்டும். ஏப்ரல், மே மாலைகளில் காலவைசாகி என்னும் புயல்காற்று திடீரென வீசும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. துர்க்கா பூசை நாட்களில் தெருவில் கால் வைக்கவும் இடம் இராது. நவம்பரும் பிப்ரவரியும் உகந்த மாதங்கள். பிப்ரவரி இறுதியில் புரசமரம் இலையின்றிச் செம்மலர் சூடி நிற்கும் காட்சிக்கு ஈடான அலங்காரத்தை எவரும் செய்துவிட முடியாது.

2. அவ்விடம் யாருடையது?

பொது இடம் என்று நாம் எண்ணும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. விக்டோரியா நினைவகம் நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகத்தைச் சார்ந்தது. மைதானம் என்னும் பரந்த புல்வெளி இராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. 1943-ல் திறக்கப்பெற்று 1965-ல் இரவீந்திர சேது என்று பெயர் பெற்ற ஹவுராப் பாலம் துறைமுகத்தின் பொறுப்பில் உள்ளது. அதன்மேல் நின்று படம் எடுத்தால் காவலர் தடுப்பர். பாலத்தைத் தொலைவில் படித்துறையிலிருந்தோ படகிலிருந்தோ பார்ப்பதே அழகு. மேலே நின்றால் இரும்புத் தூண்களே தெரியும், பாலம் தெரியாது.

வடகொல்கத்தாவில் 1835-ல் இராசேந்திர மல்லிக் கட்டிய மார்பிள் பேலசு இன்றும் தனியார் குடும்பத்தின் மாளிகை. உள்ளே படம் எடுக்க இடமில்லை. 1767-ல் திறக்கப்பட்ட தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் பாசி படர்ந்த கூர்ங்கோபுரங்கள் பலரைக் கவரும். மொழி ஆராய்ச்சியில் புகழ்பெற்ற சர் வில்லியம் ஜோன்சு அங்கே உறங்குகிறார். மொழி பயிலும் மாணவன் அங்குச் சென்று வணங்கி வரலாம். ஆனால் நிச்சயதார்த்தப் படத்தில் கல்லறையைக் கண்டால் ஊரில் இருக்கும் பாட்டி என்ன சொல்வாள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே எவ்விடத்துக்கும் ஒரு வாரம் முன்னரே தனியாகச் சென்று, வாயிலில் கேட்டு, மண விழாப் படங்களுக்கு அனுமதி உண்டா, கட்டணம் என்ன என்று அறிந்து வருக. சுற்றுலாப் பயணி கையில் வைத்திருக்கும் சிறு கருவிக்கு ஒரு விதி. விளக்கும் தாங்கியும் கொண்டு வருவோர்க்கு வேறு விதி. பறக்கும் கருவியோ, கோட்டை இருக்கும் பகுதியில் உரிய அனுமதியின்றி நினைக்கவே கூடாதது.

3. அங்கு உழைப்பவர் யார்?

ஹவுராப் பாலத்தின் அடியில் மல்லிக் படித்துறைப் பூச்சந்தை இருக்கிறது. செவ்வந்தி மாலைகள் மலைபோல் குவிந்திருக்கும். நிறத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் விடியற்காலையில் அங்கே தலைச்சுமையோடு விரைந்து செல்பவர், ஓர் அடி தயங்கினாலும் சுமை சரியும். அந்த வழியின் நடுவே பட்டுச்சேலையும் விளக்கும் கொண்டு நின்றால் அவர் நம்மை வாழ்த்தவா செய்வார்? கூட்டம் குறைந்த பின் சென்று, ஒரு கடையில் பூ வாங்கி, அக்கடைக்காரரின் இசைவோடு இரண்டு படம் எடுத்தால் போதும்.

குமார்துலியும் அவ்வாறே. களிமண்ணால் துர்க்கையின் திருவுருவம் செய்யும் கைவினைஞரின் குறுந்தெருக்கள் அவை. பூசைக்கு முந்திய மாதங்களில் படம் எடுப்போர் கூட்டம் தாளாமல், கைவினைஞர் சங்கத்தார் கட்டணம் வாங்கும் வழக்கத்தையே ஏற்படுத்தினர். ஆண்டு வருவாய் முழுவதும் அந்தச் சில வாரங்களின் உழைப்பில் அடங்கியிருக்கிறது. காயாத சிலையின் விரல் ஒன்று நம் முந்தானை பட்டு முறிந்தால், அதற்கு ஈடு என்ன?

இந்நகரில் இன்னும் சில தெருக்களில் கை ரிக்சா உண்டு. அதில் இருவர் ஏறி அமர்ந்து சிரிக்க, முன்னே ஒரு முதியவர் வெறுங்காலுடன் இழுக்கும் படங்கள் பலவற்றைக் காண்கிறோம். தமிழ்நாட்டில் 1970-களிலேயே கை ரிக்சாவை ஒழித்தோம். அதனைப் பெருமையாகப் பேசும் நாம், இங்கே அதில் ஏறி அமர்ந்து அதனை அழகு என்று சொல்லலாமா? இருவர் இன்பத்தின் நினைவுச்சின்னத்தில் மூன்றாமவர் முதுகு வளைந்திருக்க வேண்டா.

4. நமக்கு என்ன உறவு?

இதுவே தலையாய கேள்வி. படம் ஐம்பது ஆண்டு நிற்பது. நாளை ஒரு குழந்தை அதைப் பார்த்து, 'இங்கே ஏன் நின்றீர்கள்?' என்று கேட்டால், சொல்வதற்கு ஒரு கதை இருக்க வேண்டும். தமிழருக்கு இந்நகரில் கதைகளுக்குக் குறைவில்லை.

1907-ல் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் புதுமனைவியோடு இங்கு வந்தார். அவர் சி. வி. இராமன், மனைவி லோகசுந்தரி. நிதித்துறை வேலைக்கு வந்தவர், பௌபசார் தெருவில் இருந்த அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தைக் கண்டு, அலுவல் நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே ஆய்வு செய்தார். 1928 பிப்ரவரி 28-ல் வெளிப்பட்ட இராமன் விளைவும் 1930-ல் வந்த நோபல் பரிசும் அந்த உழைப்பின் பயன்கள். சங்கம் இன்று ஜாதவ்பூரில் உள்ளது. ஆய்வுக்கூடமே வாழ்க்கையாக உள்ள ஓர் இணைக்கு, அத்தெருவில் நடந்து செல்லும் ஒரு படம் எந்த மாளிகையினும் பொருள் உடையது.

1906-ல் காங்கிரசு மாநாட்டுக்கு வந்த பாரதியார், தம்தம் என்னும் இடத்தில் சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அவ்வம்மையார் கேட்டதாகவும், அக்கேள்வி பாரதியார் நெஞ்சில் தைத்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1908-ல் தம் கவிதை நூலை நிவேதிதைக்கே அவர் காணிக்கையாக்கினார். நிவேதிதை பெண்களுக்குப் பள்ளி தொடங்கியதும் வாழ்ந்ததும் பாக்பசார்ப் பகுதியில். அங்குள்ள பழைய தெருக்களும் திண்ணை வீடுகளும் காலை வெயிலில் மிக இனியவை.

ஆற்றங்கரையில் பிரின்செப் படித்துறை உள்ளது. அசோகன் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தை 1837-ல் படித்துக் காட்டிய சேம்சு பிரின்செப்பின் நினைவாக 1840-களில் எழுந்தது. நம் தமிழ்க் குகைக் கல்வெட்டுகளைப் பின்னாளில் அறிஞர் படிக்க முடிந்ததற்கும் அவ்வாராய்ச்சியே முதற்படி. வெண்தூண்களுக்குப் பின்னே 1992-ல் திறக்கப்பட்ட வித்தியாசாகர் பாலம் தெரியும். மாலை ஒளிக்கும் உகந்த இடம்.

டிராம் வண்டியை விரும்புவோர் விரைதல் வேண்டும். சென்னையில் 1895-ல் ஓடத் தொடங்கிய டிராம் 1953-ல் நின்றுவிட்டது. இங்கே குதிரை டிராம் 1873-லும் மின்டிராம் 1902-லும் தொடங்கின. ஆனால் 2024-ல், மைதானத்தை ஒட்டிய ஒரு தடம் தவிர மற்றவற்றை நிறுத்தும் முடிவை மாநில அரசு அறிவித்தது. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் மஞ்சள் டாக்சிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. எது ஓடுகிறது என்று அறிந்தபின் திட்டமிடுக.

இவை எவையும் வேண்டா என்றால், நெடுங்காலமாகத் தென்னிந்தியர் வாழும் லேக் மார்க்கெட்டுக்கு வாருங்கள். வாழை இலையும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் கிடைக்கும் இடம். நடக்கும் தொலைவில் இரவீந்திர சரோவர் ஏரி. குளிர்காலக் காலையில் நீரின்மேல் பனி படர்ந்திருக்கும்.

ஒரு நாள் திட்டம்

மூன்று இடங்களுக்குமேல் வேண்டா. குளிர்கால ஞாயிறு ஒன்றில் ஏழு மணிக்கு ஏரிக்கரை. பின்னர் காளிகாட்டில் மெட்ரோ ஏறி மகாத்மா காந்தி சாலையில் இறங்கினால் கல்லூரித் தெரு அருகில். கடைகள் மூடியிருக்கும் நேரத்தில் பழைய பல்கலைக்கழகக் கட்டடங்களின் நிழலில் சில படங்கள். சென்னைப் பல்கலைக்கழகமும் கல்கத்தாப் பல்கலைக்கழகமும் 1857-ல் பிறந்த உடன்பிறப்புகள் அன்றோ? நண்பகலில் ஓய்வு. மூன்றரை மணிக்குப் பிரின்செப் படித்துறை. உடை மாற்றவும் முகம் கழுவவும் நண்பர் வீடோ விடுதியோ வழியில் இருக்குமாறு பார்த்துக்கொள்க. பெண் நாள் முழுவதும் கனத்த பட்டில் நிற்க வேண்டும் என்பதை ஆண்கள் மறந்துவிடுகின்றனர்.

இறுதியாக ஒன்று. பெரும்பாலும் இடத்தை முடிவு செய்வோர் மணமகனும் அவன் நண்பர்களும். பெண் வந்து நிற்கிறாள், அவ்வளவே. அது பழைய திரைச்சீலைப் படத்தில் அவள் நின்ற நிலையினின்றும் வேறு அன்று. நண்பர்களே, இடங்களின் பெயரை முதலில் அவளுக்கு எழுதுங்கள். எது விருப்பம், எது வேண்டா, எந்தப் படத்தை ஊரார் பார்க்கலாம், எது இருவருக்கு மட்டும் என்று கேளுங்கள். இருவரும் சேர்ந்து எடுக்கும் முதல் முடிவுகளில் ஒன்றாக இது அமையட்டும். அம்முடிவு நன்றாக இருந்தால், மழை பெய்து படமே எடுக்க முடியாமல் போனாலும், அன்றைய நாள் வீணாகாது.