அறைக்குள் ஒரு துணை

பிள்ளைகள் வெளியூரில், பேச ஆளில்லாத வீடு. மதுக்கரையானாலும் மதுரையானாலும் முதுமையில் பெரிய பயம் தனிமைதான்.

அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில், ஆதரவற்ற நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு ‘அம்மா’வானார். திருமணம் செய்யவில்லை, தாயகம் திரும்பவுமில்லை. 1931-ல் குழிக்குள் தவறி விழுந்தார். 1951-ல் மறையும்வரை பெரும்பாலும் அறையே உலகம்.

கர்த்தர் உடனிருக்கிறார் என்ற விசுவாசம் அவர் வலியைப் போக்கிவிடவில்லை. மற்றவர் வலியை நினைக்க வைத்தது. தன்னைப்போல் படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார்.

தனிமை வாட்டும் மாலையில், தனித்திருக்கும் இன்னொருவருக்காக ஜெபியுங்கள். பிறகு அவருக்கே ஒரு போன் செய்யுங்கள். ஆறுதல் இரண்டு வீட்டுக்கும் வரும்.