வறட்சியில் வீட்டுத் தோட்டம்: குடத்துத் தண்ணீரைப் பங்கிடும் முறை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசலும் இடையிடையே செவலும் உள்ள இப்பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. இதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசி முதல் மார்கழி வரை கிடைப்பதாகும். அந்த மழை பொய்த்தால் கண்மாய் பெருகாது. கண்மாய் பெருகாவிட்டால் கிணற்றில் ஊற்று இராது. பங்குனி வருமுன்பே பெண்கள் குடத்துடன் அலையவேண்டிய நிலை ஏற்பட்டுவிடும்.

2016-ஆம் ஆண்டை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான 440 மில்லிமீட்டருக்குப் பதிலாக 168 மில்லிமீட்டர் அளவே பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அத்தகைய ஆண்டில் காட்டில் கருகிய சோளத்தையும் உளுந்தையும் அடுத்த மழைக்கு மறுபடி விதைத்துவிடலாம். ஆனால் வீட்டருகே நான்கு ஆண்டுகள் வளர்த்த நெல்லி மரம் ஒரே கோடையில் பட்டுப்போனால், போவது ஒரு மரம் மட்டுமல்ல. நான்கு ஆண்டுகளும் போய்விடுகின்றன.

எனவே வறட்சியில் வீட்டுத் தோட்டத்தைக் காக்க இரண்டு காரியங்கள் அவசியம். முதலாவது, தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடிகளைத் தேர்ந்து நடுவது. இரண்டாவது, உள்ள தண்ணீரை எல்லாச் செடிக்கும் சமமாக ஊற்றாமல், எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதற்கு முதலில் ஊற்றுவது. முதலாவதைப் பலர் அறிவர். இரண்டாவதைக் கடைப்பிடிப்போர் குறைவு.

வறட்சி தாங்கும் செடியை அறிவது எப்படி?

வறட்சியைத் தாங்கும் செடிகள் நான்கு வகையில் தம்மைக் காத்துக்கொள்கின்றன. வேம்பு, புளி, இலந்தை போன்றவை ஆணிவேரை ஆழமாக விட்டு அடிமண் ஈரத்தை எடுக்கின்றன. சீதா, முருங்கை போன்றவை தண்ணீர் குறையும்போது இலைகளை உதிர்த்துவிட்டு, ஈரம் வந்ததும் துளிர்க்கின்றன. கற்றாழையும் பிரண்டையும் சதைப்பற்றான மடலிலும் தண்டிலும் நீரைச் சேர்த்து வைக்கின்றன. நான்காவது வகை, கிழங்கில் உயிரை வைத்துக்கொண்டு மண்ணுக்குள் உறங்குபவை. நம் கரிசல் காட்டில் மழைக்குப்பின் தானாகவே படரும் அதலைக்காய் இதற்கு நல்ல உதாரணம். கொடி காய்ந்து மறைந்தாலும் கிழங்கு கோடை முழுவதும் உயிரோடு இருக்கும்.

புதிதாக ஒரு செடியை நடுமுன் இந்த நான்கில் ஒரு குணமாவது அதற்கு உண்டா என்று பார்க்க வேண்டும். அகன்ற மெல்லிய இலையும் மேலோட்டமான வேரும் உள்ள செடி, எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் பூமிக்கு ஒத்துவராது.

எவற்றை நடலாம்?

நிழலுக்கு வேம்பும் புங்கனும் சிறந்தவை. வேர்பிடித்து வளர்ந்த பிறகு இவற்றுக்குத் தண்ணீரே ஊற்றவேண்டியதில்லை. பழத்திற்கு இலந்தை, நெல்லி, சீதா, மாதுளை, கொடுக்காப்புளி ஆகியவை ஏற்றவை. அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.பி.கே. 1 சீதா ரகம் மானாவாரி நிலைமைக்கென்றே தேர்வு செய்யப்பட்டதாகும். கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள இடங்களில் இலந்தை, நெல்லி, சப்போட்டா மூன்றையும் நம்பி வைக்கலாம்.

சமையலுக்கு முருங்கை, கோவை, கொத்தவரை, பிரண்டை, தூதுவளை ஆகியவை போதுமானவை. பெரியகுளத்திலிருந்து 1989-இல் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 முருங்கையை விதையூன்றியே வளர்க்கலாம். விதையிலிருந்து வளரும் முருங்கைக்கு ஆணிவேர் இருப்பதால், போத்து நட்டு வளர்த்ததைவிட அது வறட்சியை நன்கு தாங்கும். முருங்கைக்கு ஒரு குறை உண்டு. வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். ஆகையால் கரிசல் மண்ணில் மேடு கட்டி அதன்மேல் விதையூன்ற வேண்டும்.

வேலியோரத்திற்குக் கிளுவை, நொச்சி, ஆடாதொடை, ஆவாரை நல்லவை. நொச்சியையும் ஆடாதொடையையும் ஆடு மேயாது. வாசலில் பூ வேண்டுவோர் நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, காகிதப்பூ வைக்கலாம். அரளி வறட்சியை மிக நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் விஷம். குழந்தைகளும் ஆடுமாடுகளும் நடமாடும் இடத்தில் அதை வைக்கக்கூடாது.

தவிர்க்க வேண்டியவை

புதிதாக வீடு கட்டுவோர் சிலர் பட்டணத்தைப் பார்த்து முற்றத்தில் புல்தரை அமைக்கின்றனர். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்தரைக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் தேவை. பத்து சதுர மீட்டருக்கு 50 லிட்டர், அதாவது மூன்று குடத்திற்கு மேல். அதே நீரை வாரம் ஒருமுறை ஊற்றினாலே மூன்று இளம் மரக்கன்றுகள் பிழைத்துக்கொள்ளும்.

தென்னையும் அவ்வாறே. நிலையான கிணறு இல்லாத வீட்டில் புதிதாகத் தென்னை வைக்க வேண்டாம். கோடையில் ஒரு மரம் தினமும் பல குடம் தண்ணீர் கேட்கும். ஏற்கெனவே தென்னை உள்ளவர்கள் மரத்தைச் சுற்றி 6 அடி வட்டத்தில் 100 தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி ஈரத்தைக் காக்கலாம்.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மழை குறைந்த கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில், புல்தரைக்குப் பதிலாக வறண்ட நிலச் செடிகளை வைக்கும் இயக்கம் 1981-இல் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று தண்ணீர் அளந்து விடப்பட்டது. குழாய்நீரைத் தோட்டத்திற்கு ஊற்றுவதே தடை செய்யப்பட்டது. பெரிய நகரத்தார் அன்று கற்றுக்கொண்ட சிக்கனத்தை நம் வீடுகளிலும் செய்ய இயலும்.

நடும் முறை

கோடையிலேயே இரண்டு அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழிகளை எடுத்து ஆறவிட வேண்டும். மேல்மண்ணுடன் நன்கு மக்கிய தொழு உரத்தைக் கலந்து குழியை நிரப்ப வேண்டும். செவல் மண்ணாக இருந்தால் கண்மாய்க் கரம்பையைச் சேர்ப்பது ஈரத்தை நிறுத்தும். ஐப்பசியில் மண் நனைந்ததும் கன்றை நட்டால் மழைக்காலம் முழுவதும் வேர் இறங்க நேரம் கிடைக்கிறது. தையில் நடுவது கோடைக்குப் பலி கொடுப்பதற்குச் சமம்.

இலந்தையை விதையாகவே குழியில் ஊன்றி, வளர்ந்தபின் அதே இடத்தில் மொட்டுக் கட்டுவது சிறந்தது. இடம் மாற்றாததால் ஆணிவேர் அறுபடாது. நிலம் சரிவாக இருந்தால் ஒவ்வொரு கன்றுக்கும் சரிவின் கீழ்ப்பக்கம் பிறைநிலா வடிவில் கரை கட்டவேண்டும். ஓடும் மழைநீர் கன்றின் வேரில் தங்கும். முதல் கோடையில் மேற்கு, தெற்குப் பக்கங்களில் பனை ஓலை நட்டு நிழல் கொடுப்பதும் அவசியம்.

தண்ணீர்க் கணக்கு

ஐந்து பேர் உள்ள வீட்டில் குளிக்க, பாத்திரம் கழுவ, அரிசி களைய, துணி அலச எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் நாளொன்றுக்கு ஆறு குடம் செலவாகும். குடத்திற்கு 15 லிட்டர் என்றால் 90 லிட்டர். இதில் 60 லிட்டரையாவது மறுபடி பிடித்துத் தோட்டத்திற்கு விடலாம். வாரத்திற்கு 420 லிட்டர், அதாவது 28 குடம். இந்த 28 குடத்தைப் பங்கிடும் முறையைக் கீழே காண்க.

முதல் பங்கு, நட்டு மூன்று ஆண்டு நிறையாத பழமரக் கன்றுகளுக்கு. பத்துக் கன்றுகளுக்கு வாரம் ஒரு குடம் வீதம் 10 குடம். இரண்டாம் பங்கு, மல்லிகை, கறிவேப்பிலை, முருங்கை போன்ற பல ஆண்டுச் செடிகளுக்கு. ஒன்பது செடிகளுக்கு 9 குடம். மீதி 9 குடத்தில் நான்கு சதுர மீட்டர் பாத்தி ஒன்றில் கொத்தவரையும் கத்தரியும் போடலாம். தொட்டிச் செடிகளுக்கு மிஞ்சினால் உண்டு. இல்லையேல் அவற்றை மரநிழலில் நெருக்கி வைத்தால் போதும். வளர்ந்த வேம்புக்கும் புளிக்கும் பங்கு கிடையாது.

தண்ணீர் மேலும் குறைந்தால் முதலில் காய்கறிப் பாத்தியைக் கைவிட வேண்டும். காய்கறி மூன்று மாதத்தில் திரும்ப வரும். மல்லிகைக்கும் தட்டுப்பாடு வந்தால் புதரை முழங்கால் உயரத்திற்குக் கவாத்து செய்து, ஒரு பருவப் பூவை விட்டுக்கொடுத்துச் செடியைக் காப்பாற்றலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட சீதா, மாதுளைக் கன்றுகளில் பூவோ பிஞ்சோ இருந்தால் உதிர்த்துவிட வேண்டும். கன்றுகளின் பங்கைக் கடைசிவரை தொடக்கூடாது.

ஊற்றும் முறை

தினமும் ஒரு செம்பு ஊற்றுவது வீண். அது மேல்மண்ணை ஒரு விரல் ஆழம் நனைத்து மறுநாள் வெயிலில் ஆவியாகிறது. வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே வருகிறது. வாரம் ஒருமுறை ஒரு குடத்தை ஒரே நேரத்தில் ஊற்றினால் நீர் ஆழத்துக்கு இறங்கும். வேரும் அதைத் தொடர்ந்து இறங்கும். அடிமரத்தில் ஊற்றாமல், கிளைகளின் நுனி நிழல் விழும் இடத்தில் ஒரு சாண் ஆழத்திற்கு வட்டக் கால் எடுத்து அதில் ஊற்ற வேண்டும். பொழுது சாய்ந்தபின் ஊற்றுவது நலம்.

கன்றுகளுக்கு பானைப் பாசனம் மிகவும் ஏற்றது. சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட வேளாண் நூல் ஒன்றில் இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது. மெருகிடாத, 5 முதல் 7 லிட்டர் கொள்ளும் மண்பானையைக் கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கழுத்துவரை புதைக்க வேண்டும். நீர் நிரப்பி வாயை மூடிவிட்டால் பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியே வேருக்கு வேண்டிய அளவு ஈரம் கசியும். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். சோப்பு நீரையும் உவர் நீரையும் பானையில் ஊற்றக்கூடாது, துவாரங்கள் அடைபட்டுவிடும்.

மூடாக்கும் கொத்துதலும்

ஊற்றிய நீரைக் காப்பது ஊற்றுவதைப்போலவே முக்கியம். கடலைத் தொலி, சோளத்தட்டை, வேப்பஞ்சருகு, தென்னைநார்க் கழிவு ஆகியவற்றில் கிடைப்பதைப் பாத்தியில் நான்கு விரல் கனத்திற்குப் பரப்ப வேண்டும். தண்டை ஒட்டிப் போடாமல் சற்றுத் தள்ளிப் போட்டால் கரையான் தொல்லை குறையும்.

கரிசல் மண்ணுக்குத் தனியாக ஒரு வேலை உண்டு. ஈரம் காயும்போது அது வெடித்து, வெடிப்பின் வழியே அடிஈரமும் போய்விடும். இளம் வேர்களும் அறுபடும். வெடிப்பு தலைகாட்டியதும் மண்வெட்டியால் இரண்டு அங்குலம் கொத்திப் புழுதியாக்கி வெடிப்பை மூட வேண்டும். காட்டில் புழுதி உழவு செய்யும் விவசாயிக்கு இதன் பலனை விளக்கத் தேவையில்லை. அதே வேலையை வீட்டுக் கன்றுக்கும் செய்தால் போதும்.

கழிவு நீரில் கவனம்

வாஷிங் சோடாவும் சலவைத்தூளும் கலந்த முதல் துவைப்பு நீரில் சோடிய உப்பு மிகுதி. அதைத் தொடர்ந்து விட்டால் கரிசல் மண் இறுகிக் களராகிவிடும். ஆகவே அதை விலக்கி, குளித்த நீரையும் துணி அலசிய நீரையும் விடலாம். ஒரே பாத்தியில் எப்போதும் விடாமல் மாற்றி மாற்றி விட வேண்டும். கீரைக்கும் பச்சையாக உண்ணும் காய்க்கும் இந்நீர் ஆகாது. அவற்றுக்கு அரிசி களைந்த நீர் நல்லது. பிடித்த நீரை ஒருநாளுக்கு மேல் வைக்கக்கூடாது. திறந்த தொட்டியும் டிரம்மும் டெங்கு கொசுவை வளர்க்கும். கட்டாயம் மூடி வைக்க வேண்டும்.

கூரையில் விழும் மழை

தமிழகத்தில் 2003-இலேயே கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். நாற்பது சதுர மீட்டர் கூரையில் வழக்கமான பாதி மழையான 400 மில்லிமீட்டர் பெய்தாலும் 16,000 லிட்டர் விழுகிறது. சிதறலும் ஆவியும் போக 12,000 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம். இவ்வளவையும் சேமிக்கத் தொட்டி இல்லாவிட்டாலும், கூரைநீரைக் கன்றுகளின் குழிகளுக்கு வாய்க்கால் எடுத்து விட்டால் மண்ணே தொட்டியாகும். உவர் நீர் ஊற்றிய பாத்திகளில் படிந்த உப்பையும் இந்த நன்னீர் கீழே இறக்கிவிடும்.

மேற்கூறிய எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. மண்வெட்டி, சில மண்பானைகள், சருகு, சிறிது கட்டுப்பாடு இவையே முதலீடு. வீட்டில் தண்ணீர் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆதலால் எந்தச் செடிக்கு எத்தனை குடம் என்பதை அவர்களுடன் கலந்து முடிவு செய்வதே முறை. கன்றுகளும் ஆலோசனையும் வேண்டுவோர் தம் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ, கோவிலாங்குளத்தில் உள்ள அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம். குழி எடுக்கும் வேலையை இக்கோடையிலேயே தொடங்கினால், ஐப்பசியின் முதல் மழைக்குக் கன்று நடத் தயாராக இருக்கலாம்.