தூண்டிற்கோலின் வலிமை

தூண்டில் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஓர் எளிய காட்சி. குளக்கரையில் ஒரு சிறுவன். அவன் கையில் ஒரு மூங்கிற் கழி. கழியின் நுனியிலிருந்து இறங்கும் தங்கூசி. நீரின்மேல் ஒரு தக்கை. "தம்பி, உன் கழி எத்துணை வலிமையுடையதாக இருக்கவேண்டும்?" என்று அவனை வினவினால், "ஒடியாமல் இருந்தால் போதும், ஐயா" என்று விடை கூறுவான். அவ்விடை தவறன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. ஒடியாத கோலெல்லாம் நல்ல கோல் ஆகிவிடுவதில்லை. வளையவேண்டிய இடத்தில் வளையாத கோலும், தாங்கவேண்டிய இடத்தில் தாங்காத கோலும் ஒருங்கே தீயவை. இதனை அளந்து அறியும் முறை ஒன்று இங்கிலாந்து நாட்டுத் தூண்டிற்காரர்களிடையே வழங்கிவருகிறது. அதனை விளக்குவதே என் நோக்கம்.

நான் மீன்பிடிக்கக் கற்பிப்பவன் அல்லன், இயற்பியல் கற்பிப்பவன். விசை, வேலை, ஆற்றல் என்று வகுப்பறையில் நாம் பேசும் சொற்கள் ஓர் ஆற்றங்கரையில் எவ்வாறு உயிர்பெறுகின்றன என்பதைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தென்படவில்லை.

முதலில் மீனைப் பற்றிச் சில சொற்கள். பிரிட்டனில் நன்னீர் மீன்களை மரபாக இரு வகையாகப் பிரிப்பர். சால்மன், டிரவுட் போன்றவை ஒரு வகை. அவை உணவுக்குச் சிறந்தவை என்று போற்றப்பட்டவை. ரோச், சப், டென்ச், கார்ப், பார்பெல் முதலியவை மற்றொரு வகை. இவற்றைப் 'பரும்படி மீன்கள்' என்னும் பொருள்படும் பெயரால் அந்நாட்டார் அழைக்கின்றனர். இந்த இரண்டாம் வகை மீன்களைப் பிடிப்போர் பெரும்பாலும் அவற்றை உண்பதில்லை. பிடித்து, எடை பார்த்து, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுகின்றனர். பார்பெல் மீனின் முட்டையோ உண்டவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நச்சுத்தன்மை உடையது.

பார்பெல் என்ற பெயர் 'சிறு தாடி' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அதன் வாயருகே நான்கு மீசைகள் உண்டு. அவற்றால் அது ஆற்றடியிலுள்ள கூழாங்கற்களைத் தடவி இரை தேடும். 1653-இல் ஐசக் வால்ட்டன் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூலிலேயே இம்மீனுக்குத் தனி அத்தியாயம் உண்டு. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது இம்மீன். நம் காவிரியில் வாழும் மாசீர் மீனும் அக்குடும்பத்ததே. தேம்ஸ், டிரென்ட் முதலிய ஆறுகள் பார்பெல்லின் பழைய உறைவிடங்கள். செவர்ன் ஆற்றுக்கு அது 1956-இல் கென்னட் ஆற்றிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அங்கே செழித்துப் பெருகிற்று. தட்டையான வயிறும், அகன்ற மார்புத் துடுப்புகளும், திரண்ட தசையும் கொண்டு, வேகமான நீரோட்டத்தின் அடியில் அசையாது நிற்க வல்லது. அத்தகைய மீன் முள்ளில் சிக்கினால், ஓட்டத்தின் வேகத்தையும் தன் வலிமையோடு சேர்த்துக்கொண்டு இழுக்கும். ஆகவேதான் கோலின் வலிமை என்ற கேள்வி பார்பெல்லிடத்தில் மிகக் கூர்மையாக எழுகிறது.

இனி, கோலின் வலிமையை எவ்வாறு அளப்பது? கோலின் அடிப்பகுதியைக் கிடைமட்டமாக அசையாது பொருத்துங்கள். நுனியில் ஒரு நூலைக் கட்டி, அந்நூலை ஒரு வில்தராசின் கொக்கியில் மாட்டி, தராசைக் கீழ்நோக்கி இழுங்கள். கோல் சிறிது சிறிதாக வளையும். நுனி நேராகத் தரையை நோக்கும் நிலையில், அதாவது நுனியும் அடியும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக அமையும் நிலையில், தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே அக்கோலின் 'சோதனை வளைவு' எனப்படும் அளவு. அதனைப் பவுண்டுக் கணக்கில் கூறுவது வழக்கம். நம் முன்னோர் ராத்தல் என்று வழங்கிய அதே நிறைதான் அது. ஏறத்தாழ 454 கிராம். ஒன்றேகால் ராத்தல் கோல் என்றால், அதனைக் கால்வட்டமாக வளைக்க ஒன்றேகால் ராத்தல் இழுவிசை வேண்டும் என்பதே பொருள். அதற்குமேல் இழுத்தால் ஒடிந்துவிடும் என்பது பொருளன்று.

இவ்வளவைத் தூண்டிற்காரர்களிடையே பரவச் செய்தவர் ரிச்சர்டு வாக்கர் என்னும் ஆங்கிலேயர். பொறியியல் அறிவு மிக்கவர். மூங்கிலை முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டைகளை ஒட்டி அமைத்த கோல்கள் அவர் காலத்தில் வழங்கின. அத்தகைய கோலொன்றை அவரே வடிவமைத்தார். அதன் சோதனை வளைவு ஏறத்தாழ ஒன்றரை ராத்தல். 1952 செப்டம்பர் 13-ஆம் நாள், ரெட்மையர் என்னும் குளத்தில், 44 ராத்தல் எடையுள்ள கார்ப் மீனை அவர் பிடித்தார். அம்மீன் லண்டன் விலங்குக் காட்சிச்சாலைக்கு அளிக்கப்பட்டு 1971 வரை அங்கே வாழ்ந்தது. ஒன்றரை ராத்தல் இழுவிசைக்குக் கால்வட்டமாக வளைந்துவிடும் கோல், 44 ராத்தல் மீனை எவ்வாறு அடக்கியது? இவ்வினாவுக்கு விடை இயற்பியலில் இருக்கிறது.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 கிலோகிராம் நிறையுள்ள மீன் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்கிறது எனக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 4 ஜூல். விறைத்த கட்டை ஒன்றில் தங்கூசியைக் கட்டி, அம்மீனை 10 சென்டிமீட்டர் தொலைவுக்குள் நிறுத்த முயன்றால், வேண்டப்படும் சராசரி விசை 40 நியூட்டன். அஃதாவது ஏறத்தாழ 9 ராத்தல் இழுப்பு. ஏழரை ராத்தல் தாங்கும் தங்கூசி இதில் அறுந்துபோகும். அதே மீனை, வளைந்து கொடுக்கும் கோலால் ஒரு மீட்டர் தொலைவில் நிறுத்தினால் வேண்டப்படும் விசை 4 நியூட்டன் மட்டுமே. ஒரு ராத்தலுக்கும் குறைவு. மெய்யான மீன் இக்கணக்கோடு நின்றுவிடாது. தொடர்ந்து நீந்தும், திரும்பும், மீண்டும் பாயும். தங்கூசியின் நெகிழ்வும், உருளையிலிருந்து சுற்றவிழும் தங்கூசியும் அதிர்ச்சியில் ஒரு பங்கை ஏற்கும். எனினும் அடிப்படை உண்மை இதுவே: தொலைவு மிகும்போது விசை குறைகிறது. கோலின் தலையாய பணி மீனைத் தூக்குவதன்று. அதன் பாய்ச்சலைத் தன் வளைவில் வாங்கிக்கொள்வதே.

அவ்வாறாயின் மிக மெல்லிய கோலே சிறந்தது எனலாமா? கூடாது. கோல் தன் வளைவு முழுவதையும் சிறிய இழுப்பிலேயே செலவிட்டுவிட்டால், அடுத்த பாய்ச்சலை வாங்க அதனிடம் ஒன்றும் எஞ்சியிராது. ஆகவே கோலும் தங்கூசியும் ஒன்றற்கொன்று பொருந்தவேண்டும். இதற்கு வாக்கர் காலந்தொட்டு வழங்கும் ஒரு வாய்பாடு உண்டு. சோதனை வளைவை ஐந்தால் பெருக்கினால், அக்கோலுக்குப் பொருந்தும் தங்கூசியின் அறுபடு வலிமை கிடைக்கும். ஒன்றரை ராத்தல் கோலுக்கு ஏழரை ராத்தல் தங்கூசி. கோல் கால்வட்டமாக வளைந்து நிற்கும்போது தங்கூசியின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கே செலவாகியிருக்கும். எஞ்சிய நான்கு பங்கு, முடிச்சின் பலவீனத்துக்கும் எதிர்பாராத வெட்டிழுப்புக்கும் காப்பாக நிற்கும். தங்கூசி இதைவிட மிக மெல்லியதாயின், கோல் வளைந்து முடியுமுன் அது அறும். மிகத் தடித்ததாயின், கோல் முறியும், அல்லது மீனின் வாய் கிழியும்.

இரையோடு எறியும் ஈயக்குண்டின் எடைக்கும் இதுபோன்ற வாய்பாடு உண்டு. சோதனை வளைவு எத்தனை ராத்தலோ, அத்தனை அவுன்ஸ் ஈயத்தை அக்கோல் செம்மையாக எறியும். அவுன்ஸ் என்பது ராத்தலில் பதினாறில் ஒரு பங்கு. ஏறத்தாழ 28 கிராம். இவ்விரு வாய்பாடுகளும் மூங்கிற் கோல் காலத்தவை. இன்று வழங்கும் கரியிழைக் கோல்கள் இவ்வரம்புகளைச் சற்று மீறியும் தாங்கும். எனினும் தொடக்கக் கணக்காக இவை இன்றும் பயன்படுகின்றன.

இனித் தேர்வுக்கு வருவோம். ரோச் சிறு மீன். அதன் உதடு மெல்லியது. இரண்டு மூன்று ராத்தல் தங்கூசியும், நுனியில் மிக மென்மையான நீண்ட கோலும் அதற்குப் போதும். வன்கோல் கொண்டு இழுத்தால் முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். சப், டென்ச் ஆகியவற்றுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் ராத்தல் கோல் ஏற்றது. கென்னட் போன்ற சிற்றாறுகளில், கோடையில் நீர் தெளிந்து குறைந்திருக்கும்போது, பார்பெல்லுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை ராத்தல் கோல் பொருந்தும். நீர்ப்பாசி அடர்ந்தும் மரவேர்கள் மூழ்கியும் கிடக்கும் இடமாயின் ஒன்றேமுக்கால் ராத்தல் வேண்டும். மீன் அவற்றினுள் புகுமுன் அதனைத் திருப்பியாகவேண்டும் அன்றோ? டிரென்ட், செவர்ன் போன்ற பேராறுகளில் வெள்ளம் பெருகும்போதோ, இரையை ஆற்றடியில் நிறுத்தவே மூன்று அவுன்ஸும் அதற்கு மேலும் ஈயம் தேவைப்படும். அங்கே இரண்டு ராத்தல் கோலும் மிகையன்று. இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மீன் ஒன்றுதான், ஆறு மாறியது, கோலும் மாறிற்று. கோலின் வலிமையை மீனின் எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. நீரின் வேகம், ஈயத்தின் எடை, ஆற்றடியின் இயல்பு ஆகிய மூன்றும் அதனோடு சேர்ந்து தீர்மானிக்கின்றன.

மற்றுமொரு நுட்பம். ஒரே சோதனை வளைவுடைய இரு கோல்கள் ஒரே வகையாக வளையவேண்டும் என்பதில்லை. ஒன்று நுனியில் மட்டும் வளையும். தொலைதூரம் எறிய அது நன்று. மற்றொன்று கைப்பிடி வரை சீராக வளையும். கரையருகே மீன் திடீரெனப் பாயும்போது அதுவே காப்பு. ஆதலால் எண்ணை மட்டும் நம்பாமல், கோலை வளைத்துப் பார்த்தே வாங்குதல் அறிவுடைமை.

இவையெல்லாம் ஒரு பொழுதுபோக்கின் நுணுக்கங்கள்தாமே, இவற்றால் ஆவதென்ன என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் இங்கிலாந்தில் பயின்ற நாட்களில், ஓர் ஆடிமாத மாலையில் கென்னட் ஆற்றங்கரையில் கண்டதைச் சொல்கிறேன். ஒருவர் ரோச் மீனுக்குரிய மெல்லிய கோலால் பார்பெல் ஒன்றைச் சிக்கவைத்துவிட்டார். கோல் அழகாக வளைந்தது, தங்கூசியும் அறவில்லை. ஆனால் மீனைத் திருப்பும் வலிமை கோலுக்கு இல்லை. இருபது நிமிடத்துக்கும் மேலாகப் போராட்டம் நீண்டது. வேடிக்கை பார்த்தவர்கள் அவர் திறமையை வியந்தனர். இறுதியில் வலையில் ஏந்திய மீனை அவர் ஆற்றில் விட்டபோது, அது வயிறு மேலாகப் புரண்டுவிட்டது. அவர் முழங்கால் நீரில் இறங்கி, மீனின் தலையை நீரோட்டத்தின் எதிர்முகமாக வைத்து, இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு நின்றார். மீனைப் பிடிக்க ஆன நேரத்தைவிட, அதனைத் தாங்கி நின்ற நேரம் மிகுதி. மங்கிய ஒளியில் அது வாலை ஒருமுறை அசைத்து ஆழத்துக்குள் சென்றது. கரையேறிய அவர், "இந்த ஆற்றுக்கு உரிய கோல் அன்று இது" என்று மட்டும் சொல்லிவிட்டு, கோலைப் பிரித்து உறையில் இட்டார்.

அதன் காரணம் எளிது. நீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது அதில் கரைந்துள்ள பிராணவாயு குறைவு. நெடுநேரம் போராடிய மீனின் தசையோ அப்போதுதான் மிகுதியான பிராணவாயுவை வேண்டி நிற்கிறது. தன் முழு வலிமையையும் செலவிட்டுப் போராடும் பார்பெல், ஓய்ந்த பின் தானே நிமிர்ந்து நிற்கவும் இயலாதாகிறது. அவ்வாறு விடப்பட்ட மீன் இறத்தல் உண்டு. மெல்லிய கோல் கொண்டு பெரிய மீனை அடக்குவது வீரம் என்று கருதுவோர் உளர். அவ்வீரத்தின் விலையைச் செலுத்துவது மீன். மறுபுறம், மிக வன்மையான கோலைப் பிடித்தவன் மெல்லிய தங்கூசியை அறுத்துவிடுகிறான். அப்போதும் மீன் வாயில் முள்ளோடும், பின்னால் இழுபடும் தங்கூசியோடும் செல்கிறது; அத்தங்கூசி பாசியிலும் வேரிலும் சிக்கி அதனைக் கட்டிப்போடலாம். மீனை உயிரோடு திருப்பி அனுப்புவதே தம் நோக்கம் என்போருக்கு, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோலைத் தேர்வது விருப்பம் அன்று, கடமை.

மாணவ நண்பர்களே! இதனைச் சோதித்துப் பார்க்க நீங்கள் இங்கிலாந்து செல்லவேண்டியதில்லை. மீனைத் துன்புறுத்தவும் வேண்டியதில்லை. நீளம் ஒத்த மூங்கிற் கழிகள் மூன்றினை, ஒன்றைவிட ஒன்று தடித்தனவாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வுக்கூடத்து வில்தராசைக் கொண்டு ஒவ்வொன்றையும் வளைத்து, எத்தனை கிராமுக்கு எத்தனை கோணம் வளைகிறது என்று வரைபடத் தாளில் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு கழியின் நுனியிலும் ஒரே வகையான தையல் நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி, ஒரே உயரத்திலிருந்து விழவிடுங்கள். எந்தக் கழியில் நூல் அறுகிறது, எந்தக் கழியில் தாங்குகிறது என்று நோக்குங்கள். மூன்றாவது கல் விழுமுன், முடிவு என்னவாகும் என்பதை வரைபடமே உங்களுக்குச் சொல்லிவிடும்.